மின்படியை மட்டும் வைத்துச் செட்டிநாட்டு வரலாறு எழுதலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொல்லில் சொல்லிவிடுகிறேன். காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறீர்கள். பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்து, 1942இல் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஊர் திரும்பிய குடும்பங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறீர்கள். சென்னைக்கும் டெல்லிக்கும் அலைய விடுப்பு இல்லை, லண்டன் பயணத்துக்குப் பணம் இல்லை. அதனால் இணையத்தில் கிடைக்கும் மின்னாக்க ஆவணங்களை மட்டும் வைத்து ஆய்வை முடிக்கலாமா, அவற்றையே வகுப்பில் காட்டிப் பாடம் நடத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், பள்ளத்தூரில் தெரிந்தவர் வீட்டு மாடியில் பழைய கணக்குப் புத்தகங்கள் ஒரு அறை நிறையக் கிடப்பதாகவும், அவை தேவைப்படுமா என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வழிகாட்டி ஒத்துக்கொள்வாரா என்ற கவலையும் தெரிகிறது. திரையில் பார்த்தது பார்த்ததாக ஆகுமா என்பதுதான் அடியில் இருக்கும் கேள்வி. பாதி விஷயத்துக்கு ஆகும். மீதிப் பாதி, நீங்கள் கடைசி வரியில் ஒதுக்கி வைத்த அந்த மாடி அறையில் இருக்கிறது. கல்லூரியில் வரலாறு நடத்திய காலத்திலும், பிறகு இங்கே சில வீடுகளின் பழைய காகிதங்களைப் படமெடுத்து வரிசைப்படுத்தும் வேலையில் இருந்தபோதும் தெரிந்துகொண்டதை வைத்து எழுதுகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியது இது. அரசாங்கம் எழுதிய பக்கம், அதாவது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பக்கம், இன்று உட்கார்ந்த இடத்திலேயே பெருமளவு கிடைக்கிறது. ஆனால் எதை எங்கே தேடுவது என்பதற்கு நிர்வாக வரலாறு தெரிந்திருக்க வேண்டும். பர்மா 1937 ஏப்ரல் 1 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அதுவரைக்குமான கோப்புகளின் இந்தியப் பிரதி டெல்லித் தேசிய ஆவணக் காப்பகத்தில் பல துறைகளின் கீழ்ச் சிதறிக் கிடக்கிறது. பிரிந்த பிறகு லண்டனில் பர்மாவுக்கென்று தனி அலுவலகம் வந்தது. அதன் கோப்புகள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் ஒரு தனி வரிசையாக உள்ளன. 1942 வெளியேற்றத்தைப் பற்றிய இந்திய அரசின் கடிதப் போக்குவரத்தில் பெரும்பகுதி வெளிநாட்டு இந்தியர் துறையின் கீழ் வரும். தேசியக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தில் துறைப் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள். வெறுமனே ‘பர்மா’ என்று தேடினால் கடலில் விழுந்த மாதிரி ஆகிவிடும். பட்டியலில் கோப்பின் தலைப்பு இருந்தால் படமும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பல கோப்புகளுக்குத் தலைப்பு மட்டும்தான் ஏறியிருக்கிறது.

நம் ஊர்ப் பக்கமும் இதே கதைதான். இன்று சிவகங்கை மாவட்டம் என்று நாம் சொல்வது 1985இல் வந்தது. அதற்கு முன் இராமநாதபுரம் மாவட்டம். அதுவும் 1910இல்தான் உருவானது, அதற்கு முந்தைய தாள்கள் மதுரை மாவட்டத்தின் கீழ் வரும். ராயவரம், கடியாபட்டி போன்ற ஊர்கள் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தவை, அவற்றுக்குத் தர்பார் கோப்புகள் என்று ஒரு தனி வரிசை. ஒரே பங்காளிகளில் அண்ணன் வீட்டு வழக்கு பிரிட்டிஷ் நீதிமன்றத்திலும் தம்பி வீட்டு வழக்கு சமஸ்தான நீதிமன்றத்திலும் நடந்திருக்கலாம். ‘செட்டிநாடு’ என்று தேடுகிற மாணவருக்கு இது எதுவும் அகப்படாது, ஏனென்றால் அது எந்த அரசின் நிர்வாகப் பிரிவின் பெயரும் அல்ல.

பெயர்களும் அப்படியே. ஆங்கில எழுத்தில் செட்டி, சிட்டி, செட்டியார் என்று பல எழுத்துக்கூட்டல்கள் உண்டு. செட்டியார் என்பதையே இரண்டு மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். ஊர்ப் பெயர்களைச் சொல்லவே வேண்டாம். இதற்கெல்லாம் மேல், நகரத்தார் என்னும் செட்டிநாட்டுச் செட்டியார்களின் வட்டிக்கடைகள் ஆள் பெயரில் நடக்கவில்லை, விலாசத்தில் நடந்தன. மூன்று நான்கு தலைமுறைப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஒரு விலாசம். தாத்தா பெயரே பேரனுக்கு வரும் வழக்கத்தால் அந்த எழுத்துகளும் சுழன்று சுழன்று வரும். எனவே நீங்கள் தேட வேண்டியது மனிதரை அல்ல, விலாசத்தை. சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தளத்தில் 1845இல் தொடங்கிய ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ இதழும் 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ம் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. அங்கே நீதிமன்றச் செய்திகளில் விலாசத்தின் ஆங்கில முதலெழுத்துகளைப் புள்ளி வைத்தும், புள்ளி இல்லாமலும், இடைவெளி விட்டும் தேடிப் பாருங்கள். ஒரு மாலை வேளையில், வீட்டார் மறந்துபோன ஒரு கடையின் முப்பது வருட வழக்குகள் கண்முன் வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். கொழும்புச் செட்டியார் தெருவைத் தொட்டுப் போகும் குடும்பமானால், இலங்கைத் தமிழர்கள் 2005 முதல் கட்டிவரும் ‘நூலகம்’ தளத்தையும் விடாதீர்கள். நம் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தன் வீட்டில் சேர்த்த தொகுப்பு, அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமானது. காரைக்குடியிலிருந்து வந்த ‘ஊழியன்’, ‘குமரன்’ போன்ற இதழ்களைத் தேடும்போது அந்தப் பட்டியலில்தான் நான் முதலில் கை வைப்பேன்.

எண்களைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆய்வேடுகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். 1929-30 பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கை மின்படியாகக் கிடைக்கிறது. பர்மாவில் செட்டியார் கடைகள் சுமார் 1,650, அவற்றில் புழங்கிய பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்பது அதிலிருந்து வந்த கணக்கு. இதை எல்லாரும் எடுத்தாள்கிறார்கள். ஆனால் அது எண்ணிச் சொன்ன தொகை அல்ல, மதிப்பிட்டுச் சொன்ன தொகை. எல்லாக் கடைகளும் தம் ஐந்தொகையைக் குழுவின் முன் விரித்து வைக்கவில்லை. ‘குழு மதிப்பிட்டது’ என்று எழுதினால் சரி, ‘இருந்தது’ என்று எழுதினால் தவறு. நிலக் கணக்கு இதைவிட உறுதியானது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் கைக்கு வந்த நிலம் 1930இல் பயிர்நிலத்தில் சுமார் 6 விழுக்காடு, 1938க்குள் அது சுமார் 25 விழுக்காடு. இது நில வருவாய்ப் பதிவுகளிலிருந்து வந்தது. 1930இல் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமான நிலம் கைமாறியது என்ற காரணத் தொடரும் தெளிவு. ஆனால் அந்த நிலத்தைக் கடைக்காரர்கள் விரும்பி வாங்கினார்களா, வேறு வழியின்றி ஏற்றார்களா என்பதை இந்த எண் சொல்லாது. பணத்தைத் திருப்பி ஊருக்குக் கொண்டுவர வேண்டியவர்களுக்கு நிலம் தலைவலி என்பது நகரத்தார் பக்கத்து வாக்குமூலம். நிலத்தை இழந்த பர்மியக் குடியானவருக்கு அது வேறு கதை. இரண்டில் எதையும் தனியே எடுத்து உண்மை என்று எழுதாதீர்கள். 1931 குடிக்கணக்கில் பர்மாவில் இருந்த இந்தியர் 10 லட்சத்து 17 ஆயிரத்துச் சொச்சம். அடுத்த 1941 கணக்கின் தாள்களில் பெரும்பகுதி போரில் அழிந்துபோனது. ஆகவே வெளியேற்றத்துக்கு முன் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை எந்தத் தளமும் உங்களுக்குத் துல்லியமாகத் தர முடியாது. நடந்தும் கப்பலிலும் திரும்பியவர்கள் நான்கைந்து லட்சம் என்பதும் மதிப்பீடே. வழியில் இறந்தவர்களின் எண்ணிக்கை அதைவிடத் தளர்வானது.

இனி, திரையால் தர முடியாதவை. தேடல் பெட்டியில் வராதது உலகத்தில் இல்லை என்று இன்றைய மாணவர்கள் நினைக்கிறார்கள், ஆய்வாளர்களும் மெல்ல அந்த நினைப்புக்குப் போகிறார்கள். அச்சு நூலில் கணினி எழுத்தைப் படிக்கும், கையெழுத்தில் தடுமாறும். செட்டிநாட்டுக் கணக்கில் முழுக்கத் தோற்கும். ஒரு பேரேட்டுப் பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் ‘உ’, அதன் கீழே ‘சிவமயம்’. வருஷத்துக்கு ௵ என்று ஒரு குறி, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳, ரூபாய்க்கு ௹. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. 850 ரூபாய் என்பதை ௮௱௫௰ என்று எழுதியிருப்பார் கணக்கர். கணினி அதை எண் என்றே அறியாமல் கிட்டத்தட்ட ‘அளருய’ என்று பொருளில்லாத சொல்லாக எடுத்துக்கொள்ளும். ரூபாய்க்குக் கீழே அணா, அணாவுக்குக் கீழே பை. 16 அணா ஒரு ரூபாய், 192 பை ஒரு ரூபாய். 1957 ஏப்ரலில் நயாபைசா வரும்வரை இதுதான். நிலமானால் மா, காணி, முந்திரி என்று பின்னம் போகும். இதைக் கண்ணால் படிக்கப் பழகினால் ஒழிய, ஆயிரம் பேரேடுகள் இணையத்தில் ஏறினாலும் உங்களுக்கு அவை படங்கள்தாம். பழக எவ்வளவு நாளாகும் என்று பயப்பட வேண்டாம். தினமும் ஒரு பக்கம் என்று உட்கார்ந்தால் இரண்டு மூன்று மாதத்தில் கண் பிடித்துக்கொள்ளும்.

வருஷக் கணக்கில் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன், நீங்கள் அதைச் செய்யாமல் இருக்க. பர்மாவின் மோல்மேனில் எழுதப்பட்ட ஒரு கடன் பத்திரத்தின் மின்படி என் கைக்கு வந்தது. ‘விஷு ௵ மார்கழி ௴’ என்று தேதி. விஷு என்றால் 1941-42. அந்த மார்கழியில்தான், டிசம்பர் 23இல், ரங்கூன் மேல் முதல் குண்டு விழுந்தது. குண்டு விழும் நேரத்திலும் கடன் கொடுத்திருக்கிறார்களே என்று நெகிழ்ந்து ஒரு கட்டுரையே எழுதிவிட்டேன். ஒரு வருடம் கழித்து மூலத்தைப் பார்க்கும் வாய்ப்பு வந்தது. பத்திரத்தின் மேல்பகுதியில் அச்சிட்ட முத்திரை, அதில் விக்டோரியா மகாராணியின் தலை. தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். அது 1881-82இன் விஷு. படமெடுத்தவர்கள் எழுத்துள்ள பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு முத்திரையை வெட்டியிருந்தார்கள், நானும் ‘மேலே என்ன இருந்தது’ என்று கேட்கவில்லை. கட்டுரையைத் திருத்தி வெளியிட்டேன். அன்று முதல், தமிழ் வருஷம் மட்டும் உள்ள எந்தத் தாளுக்கும் இரண்டாவது சாட்சி இல்லாமல் ஆங்கில ஆண்டு போடுவதில்லை. முத்திரையில் உள்ள அரசர் தலை, தபால் முத்திரை, பசலி என்னும் நிலவரி ஆண்டு, ஏதாவது ஒன்று வேண்டும். பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆண்டு கிடைக்கும். பசலி 1350 என்றால் 1940 ஜூலையில் தொடங்கியது.

இன்னொன்று. ஒரு வீட்டுப் பேரேட்டின் கறுப்பு வெள்ளைப் படத்தில் முதல் பக்க மூலைகள் நான்கிலும் கருகிய மாதிரிக் கறை. தண்ணீர் பட்டுக் கெட்ட ஏடு என்று பட்டியலில் குறித்திருந்தார்கள். மூலத்தைத் திறந்தால் அது மஞ்சள். புதுக்கணக்கு எழுதும்போது மூலைக்கு மூலை மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். அந்தக் கடை அந்த ஊரில் புதிதாகக் கணக்குத் தொடங்கிய நாள் எது என்பதற்கு எனக்குக் கிடைத்த ஒரே சாட்சி அந்தக் கறைதான். தாளின் கனம், தைத்த நூல், எந்த ஏட்டுக்குள் எந்தக் கடிதம் மடித்துச் செருகப்பட்டிருந்தது, எந்தக் கட்டில் எது மேலே எது கீழே என்பதெல்லாம் சாட்சியம். ஒரு கட்டைப் பிரித்து, தாள் தாளாகப் படமெடுத்து, தனித்தனிக் கோப்பாக ஏற்றினால் அந்தச் சாட்சியம் போய்விடும். எனவே எந்த மின்படியைத் திறந்தாலும் முதலில் கேளுங்கள்: இது படமாவதற்கு முன் எங்கே, எதோடு சேர்ந்து இருந்தது? தளத்தில் பதில் இல்லையென்றால் அந்தக் காப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பதில் எழுதுகிறார்கள், நான் பலமுறை பெற்றிருக்கிறேன்.

கிடைத்த தாள்கள் யாருடைய குரல் என்பதையும் பார்க்க வேண்டும். பேரேடு கடன் கொடுத்தவர் கையால் எழுதியது. வாங்கியவர் அதில் ஒரு பெயர், ஒரு தொகை, ஒரு தவணை. கடைகள் சேர்ந்து இயங்கிய கிட்டங்கியில் சமைத்துப் போட்டவர், தொழில் பழகும் பெட்டியடிப் பையன், மூட்டை தூக்கியவர் ஆகியோருக்கு மாதம் ஒரு வரி உண்டு, அதற்கு மேல் இல்லை. பெண்களைப் பற்றி ஏட்டில் எதுவும் இல்லை என்று சட்டென்று எழுதிவிடாதீர்கள். ‘ஆச்சிமார் பணம்’ என்று தனி வரவு வைத்த கடைகள் உண்டு. சீதனமாக வந்த பணம் அந்த ஆச்சி பெயரிலேயே வட்டி கட்டி ஓடும். ஊரில் மூன்று வருஷம் கணவனைப் பாராமல் குடித்தனம் நடத்தியவளின் பணம் ரங்கூனில் முகல் தெருக் கடையில் எப்படி வளர்ந்தது என்பதை அந்தப் பற்று வரவில் பார்க்கலாம். இதுவரை போதிய அளவு எழுதப்படாத பகுதி இது. உங்கள் ஆய்வு இந்தப் பக்கம் திரும்பினால் மகிழ்வேன்.

சரி, வகுப்புக்கு வருவோம். காட்டுங்கள், தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் திரையில் ஓட்டிக் காட்டாமல் தாளில் அச்செடுத்து, நான்கு பேருக்கு ஒன்று என்று கையில் கொடுங்கள். என்ன ஆவணம், யாருடையது, எந்த வருடம் என்று எதையும் சொல்லாமல் ஒரு பக்கத்தைக் கொடுத்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதச் சொல்வேன். முதல் அரைமணி நேரம் ‘ஒன்றும் புரியலை ஐயா’ என்பார்கள். அப்புறம் யாராவது ஒருவர் ‘இது எங்க அப்பத்தா பால் கணக்கில் போடுகிற குறி’ என்பார். அங்கிருந்து வகுப்பு தானாக நடக்கும். பிள்ளைகளுக்குப் பிடித்த இன்னொரு பயிற்சி இரண்டு தேதிகளை வைத்துச் செய்வது. 1937 பிப்ரவரி 10ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. ஏழு வாரம் கழித்து பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. இந்த இரண்டையும் பலகையில் எழுதிவிட்டு, அந்த ஏழு வாரத்துச் சிங்கப்பூர், சென்னை நாளிதழ்களைத் தேடிக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒன்று மற்றதற்குக் காரணம் என்று அவசரப்பட்டு எழுதுபவர்களை நிறுத்தி, ‘அதைச் சொல்லும் தாள் எங்கே?’ என்று கேளுங்கள். தினமும் பேருந்திலிருந்து பார்க்கும் ஒரு கட்டடத்துக்கு ரங்கூனில் ஒரு கூடப்பிறப்பு இருந்தது என்று தெரிந்ததும் அந்த முகங்கள் மாறுவதைப் பாருங்கள்.

ஒன்றில் கவனமாக இருங்கள். உங்கள் வகுப்பில் எல்லாரும் வளவு வைத்த பெரிய செட்டியார் வீட்டுப் பிள்ளைகள் அல்ல. இராமநாதபுரம் சீமையிலிருந்து கூலிக்குப் போனவர்களின் பேரப் பிள்ளைகள், அந்த வீடுகளில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். ‘உங்கள் வீட்டில் இருக்கும் பழைய ஆவணத்தைக் கொண்டு வாருங்கள்’ என்றால் பாதிப் பேர் தலை குனிவார்கள். ஒரு முறை அப்படிக் கேட்டுவிட்டு ஒரு மாணவியின் முகத்தைப் பார்த்தேன், பிறகு அப்படிக் கேட்டதே இல்லை. ‘வீட்டில் வயதில் மூத்தவரிடம் பர்மா, இலங்கை, மலேயா என்றால் என்ன நினைவு வருகிறது என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வாருங்கள்’ என்று சொல்லுங்கள். அந்த மாணவி தன் பாட்டனார் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியதையும், திரும்பும்போது நடந்து வந்த வழியில் தம்பியை விட்டுவிட்டு வந்ததையும் எழுதி வந்தார். எந்தக் காப்பகத்திலும் இல்லாத தாள் அது. நினைவு தேதியைத் தவறவிடும், ஊர்ப் பெயரைக் குழப்பும், அதைக் கோப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் கோப்பு மட்டும் பேசினால் அந்தத் தம்பி வரலாற்றில் இல்லாமல் போய்விடுவார்.

வழிகாட்டி விஷயம். மின்படி பார்த்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதினால் நல்ல வழிகாட்டி எவரும் மறுக்க மாட்டார். அடிக்குறிப்பில் இணைய முகவரி மட்டும் போதாது. காப்பகத்தின் பெயர், தொகுப்பு, கட்டு எண், பக்கம், நீங்கள் பார்த்த நாள், பார்த்தது மூலமா மின்படியா என்பது எல்லாம் வேண்டும். இணைய முகவரி நாளை மாறும், கட்டு எண் மாறாது. படத்தை இறக்கி உங்களிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மேல் நடந்த இணையத் தாக்குதலில் அதன் பட்டியலும் மின்னாக்கத் தொகுப்புகளும் மாதக்கணக்கில் திறக்கவில்லை. அந்தச் சமயத்தில் ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டியவர்களை நினைத்துப் பாருங்கள். இன்னொன்று, ஆய்வேட்டின் முடிவு எந்தத் தாள்களின் மேல் நிற்கிறதோ, அந்தப் பத்துப் பதினைந்து தாள்களின் மூலத்தையாவது நேரில் பார்த்துவிடுங்கள். அதற்குச் சென்னையில் ஒரு வாரம் போதும், எழும்பூர் ஆவணக் காப்பகமும் ரோஜா முத்தையா நூலகமும் ஒரே ஊரில்தான். லண்டன் தாள்களுக்குப் பணம் கட்டினால் படியெடுத்து அனுப்புவார்கள். எதைப் பார்க்க முடியவில்லை என்பதை முன்னுரையில் ஒரு பத்தியாக எழுதுங்கள். அந்தப் பத்தியால் ஆய்வேட்டின் மதிப்பு குறையாது.

இப்போது பள்ளத்தூர் மாடி அறை. தேவைப்படுமா என்று கேட்டீர்கள். உங்கள் ஆய்வுக்கு இருப்பதிலேயே பெரிய ஆதாரம் அதுவாக இருக்கலாம். இங்கே வீடு இடிபடும்போது தேக்குத் தூணுக்கும் கதவுக்கும் விலை பேச ஆள் வருகிறார்கள். பீங்கானும் எனாமல் அடுக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போகின்றன. காகிதம் மட்டும் எடைக்குப் போகிறது. நான் ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்த வீடு ஒன்று இருக்கிறது. அறையைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தார்கள், மூலையில் ஒரு சிவப்புத் துணிக் கட்டின் முடிச்சு மட்டும் கிடந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

போவதற்கு முன் வீட்டாரிடம் பேசுங்கள், அதுவும் ஒருவரிடம் மட்டும் அல்ல. அது பாகம் பிரிந்த வீடாக இருந்தால் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது ஒவ்வொரு தனிக் குடித்தனத்துக்கும், அந்தக் காகிதத்தில் உரிமை உண்டு. கோயமுத்தூரில் இருப்பவரும் கோலாலம்பூரில் இருப்பவரும் சம்மதிக்க வேண்டும். கணக்கை வெளியாள் பார்ப்பது பற்றி அவர்களுக்கு இருக்கும் தயக்கத்தை மதியுங்கள். கடன்பட்டவர்களின் வாரிசுகள் இன்றும் பக்கத்து ஊரில் இருக்கலாம். பாகப்பிரிவினைச் சண்டை, சுவீகாரத் தகராறு எல்லாம் அந்தக் கட்டுகளில் இருக்கும். ஆய்வுக்குப் படிக்க அனுமதி வேறு, இணையத்தில் ஏற்ற அனுமதி வேறு, இரண்டையும் தனித்தனியே எழுத்தில் வாங்குங்கள். கடிதங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. தாள் யாரிடம் இருக்கிறதோ அவருக்குத் தாள் சொந்தம், எழுத்தின் உரிமை எழுதியவருக்கும், அவருக்குப் பிறகு அவர் வாரிசுகளுக்கும். வெளியிடும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறைக்குள் போனதும் எதையும் பிரிக்காதீர்கள், தூசியைக்கூடத் தட்டாதீர்கள். வாசலில் நின்று அறையை முழுதாக ஒரு படம், ஒவ்வோர் அலமாரியையும் ஒரு படம், ஒவ்வொரு கட்டையும் இருக்கும் இடத்திலேயே ஒரு படம் எடுங்கள். பிறகு கட்டுக்கு ஒரு எண் போட்டு, ஒவ்வொன்றாக வளவுக்கு, அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய பகுதிக்கு, கொண்டுவாருங்கள். வளவு முற்றத்துக் காலை வெளிச்சத்துக்கு ஈடான விளக்கு எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை, வெயில் நேரே விழாத தாழ்வாரத்தில் வெள்ளை வேட்டி விரித்துக்கொண்டால் போதும். கைப்பேசி போதும், பிளாஷ் வேண்டாம், வண்ணத்தில் எடுங்கள். அட்டை, வெற்றுப் பக்கம், பின்பக்கம், செருகியிருக்கும் துண்டுச் சீட்டு எதையும் விடாதீர்கள், தாளின் நான்கு ஓரமும் படத்துக்குள் வர வேண்டும். பக்கத்தில் ஓர் அடிக்கோல் வையுங்கள். அன்றன்று எடுத்ததை அன்று இரவே இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கட்டு என்று வைத்துக்கொண்டால் தாளும் தாங்கும், நீங்களும் தாங்குவீர்கள். வீட்டில் வயதான ஆச்சி யாராவது இருந்தால் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தைத் திருப்பும்போது அவர் சொல்லும் பெயர்களையும் உறவுகளையும் அந்தக் கட்டு எண்ணோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மாடியில் ஓடு ஒழுகுகிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். ஒழுகினால் படமெடுப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஐப்பசி மழைக்கு முன் கட்டுகளைக் கீழே பட்டாலைக் கூடத்துக்கு இறக்குங்கள்.